எங்கள் வீட்டுக் காசு மெஷின்

டிஜிட்டல் காசில் சிலர் மட்டும் ஊருக்கு முன்னால் போய் ஏன் விழுகிறார்கள் என்று டிவியில் ஒருமுறை நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர், வங்கிகள் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார். இன்னொருவர் தொழில்நுட்ப ஆர்வம் என்றார். கோட்டு போட்ட மூன்றாமவர் தனிமனித சுதந்திரம் என்று ஆரம்பித்து, விளம்பரம் வரும்வரை சுதந்திரத்தைக் கையிலிருந்து விடவே இல்லை. நான்காமவருக்குப் பேச வாய்ப்பு வரவில்லை. நானும் பயபக்தியோடு கேட்டேன். ஆனால் அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்த காரணத்தை யாருமே சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குள் அது வந்தது என் அக்கா வீட்டுக்காரரால்.

அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். என் கணவருக்குச் சகலை. பல வருடங்களுக்கு முன்னால், ஊருக்கு வெளியே வெறும் முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில் ஒரு சைட் வாங்கினார். பக்கத்து சைட்டும் விலைக்கு வந்தபோது முதலில் என் கணவரிடம்தான் கேட்டார். "முள்ளுக்காட்டை வாங்கி முயலுங்களாண்ணா வளக்கறது?" என்று இவர் சிரித்தார். இன்றைக்கு அந்த முள்ளுக்காட்டுக்கு எதிரில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் வாசலில் நின்று காப்பி குடிக்கிறார்கள். முயலைத்தான் காணோம்.

அதிலிருந்து கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று எங்கே பார்த்தாலும் அக்கா வீட்டுக்காரர் இவர் தோளில் கை போட்டு, "அன்னிக்கே சொன்னேனுங்க தம்பி" என்பார். குத்திக்காட்டுகிற குரலில் அல்ல, பாசமாகத்தான். பாசமாகச் சொன்னால் இன்னும் ஆழமாக இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். இவர் ஊர் திரும்பும் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை பேச மாட்டார். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்த பிறகு, "அடுத்தது ஒண்ணு வரும். அதுல நாமதான் மொத ஆளு" என்பார். எது வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெட்ரோல் கிணறு வந்தாலும் குதித்திருப்பார்.

கோத்தகிரி மலையில் அரவேணுவுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர். இவர் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பறித்து வந்த பச்சை இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு வாட்டுவார்கள். அந்தப் பகுதிக்கு இவர் பொறுப்பு. இலை எவ்வளவு வாடியிருக்கிறது என்று ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். மனைவி எவ்வளவு வாடியிருக்கிறாள் என்று கண்டுபிடிக்கும் பயிற்சியை மட்டும் ஃபேக்டரியில் கொடுக்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் எல்லாம் மலையேறி வந்தார்கள் அல்லவா, அப்படி ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து எங்கள் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்தார். தாடி, அரைக்கால் சட்டை, கம்பளித் தொப்பி. கால் குளிரவில்லை, தலை மட்டும் குளிர்கிறது போல. சாயங்காலங்களில் வேலியோரம் நின்று இவரோடு பேசுவார். அங்கேதான் அந்த உபதேசம் நடந்தது.

"அங்கிள், இந்த டிஜிட்டல் காசை எல்லாரும் வாங்கத்தான் பாக்கறாங்க. நாம அதை உருவாக்கவே செய்யலாம். அதுக்குன்னு மெஷின் இருக்கு. உலகத்துல எங்கெங்கயோ நடக்கிற கணக்கை அது சரிபார்த்துக் குடுக்கும். கூலியா காசு விழும்."

"அப்பறம் ஏனுங்க எல்லாரும் பண்றதில்ல?"

"சூடு அங்கிள். மெஷின் கொதிக்கும். மத்தவன் எல்லாம் ஏசிக்குக் காசு அழறான். உங்களுக்கு இங்க குளிரை இயற்கையே ஃப்ரீயா குடுக்குது."

இவர் அப்படியே நின்றுவிட்டார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து மூக்கை ஒழுகவைத்த குளிர், முட்டியைப் பிடித்த குளிர், துணியைக் காயவிடாத குளிர். அது ஒரு சொத்து என்று ஒருவர் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில் கண்ணாடிக் கட்டடம் இருக்கலாம். குளிர் இருக்கிறதா?

சில வாரங்களில் அந்தத் தாடிக்காரர் பெங்களூர் திரும்பக் கிளம்பினார். போகும்போது தன்னுடைய மெஷினை இவருக்குத் தருவதாகச் சொன்னார். சும்மா இல்லை, விலைக்கு. சமையலறைக் கூரை மாற்றுவதற்காக நாங்கள் சீட்டு எடுத்து வைத்திருந்தோம். அந்தப் பணம் சரியாக இருந்தது. இந்த மாதிரி விஷயங்களில் பணம் எப்போதுமே சரியாக இருந்துவிடுகிறது.

"இவ்வளவு நல்ல மெஷினை எதுக்குங்க தம்பி விக்கறீங்க?" என்று நான் கேட்டேன்.

"அங்க ஃப்ளாட்ல சத்தத்துக்கு விட மாட்டாங்க ஆன்ட்டி."

சாமி சிலையைத் தட்டிப் பார்த்து உலோகம் எது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல இவர் என்னைப் பார்த்தார்.

மெஷின் ஒரு சின்ன சூட்கேஸ் அளவுதான் இருந்தது. சமையலறைக்குப் பின்னால் விறகு போட்டிருந்த அறையைக் காலி செய்து, தனி வயர் இழுத்து, இன்டர்நெட் இணைப்புக் கொடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து சுவிட்சைப் போட்டார். மாவு மில்லும் ஆம்புலன்சும் சேர்ந்து கத்துவதுபோல ஒரு சத்தம். நான் கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே போட்டுவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. "சாப்பிட வாங்க" என்பதைக்கூட சண்டைக்கு இழுப்பதுபோல்தான் கத்த வேண்டியிருந்தது.

காலையில் எழுந்ததும் இவர் போனை எடுத்து எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். ஒரு பூஜ்யம், ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள், அவை முடியும் இடத்தில் கூச்சத்தோடு ஒரு எண். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

"ஏனுங்க, கரண்ட் பில்லு எவ்வளவு வரும்?"

"நீ இன்னிக்குப் பாக்காத. அஞ்சு வருசம் கழிச்சுப் பாரு."

"கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துல வந்துருமுங்க."

"மொத ஆளா போறவனுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று கத்தினார். கோபத்தில் அல்ல, சத்தத்தினால்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் அந்த மழை வந்தால், மழை பெய்யாத நேரத்தில் மூடுபனி பெய்யும். கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் போட்டபடியே ஈரமாக இருக்கும், நாற்றம் மட்டும் புதிதாகச் சேரும். ஒருநாள் இவர் ஃபேக்டரிக்குப் போன பிறகு, விறகு அறையில் மெஷினுக்குப் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பு போலக் கொதிக்கிற காற்று, மழையையே விரட்டிவிடும் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரில் ஒரு கயிற்றைக் கட்டி என் இரண்டு புடவைகளைப் போட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. டிஜிட்டல் காசு மேல் எனக்கு முதன்முதலாக நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

கீழ் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். காசை இன்னமும் சல்லி என்றுதான் சொல்வார். சத்தம் தாங்காமல் சண்டை போடத்தான் அவர் அன்று வந்தார்.

"என்னா தங்கச்சி இது, ராவும் பகலும் இப்புடி ஊளையிட்டா மனுசரு இருக்க ஏலுமா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தவர், நான் மடித்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்து நிறுத்தினார். தொட்டுப் பார்த்தார். முகத்தில் வைத்துப் பார்த்தார். "எப்புடி காஞ்சுச்சு?"

அறையைக் காட்டினேன். திரும்பிப் போனவர் கொஞ்ச நேரத்தில், பேத்திகளின் பள்ளிக்கூடச் சட்டை, சாக்ஸ், தன் கம்பளி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சுமந்துகொண்டு வந்து நின்றார். "சல்லி மிஷின்ல எடம் இருக்குமா தங்கச்சி?"

அந்த வார முடிவுக்குள் எங்கள் சந்து முழுவதும் டிஜிட்டல் காசின் ஆதரவாளர்கள். சத்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு புகார்கூட வரவில்லை. ஈர சாக்ஸ் இருக்கிற வீட்டுக்குத் தொழில்நுட்பத்தின் அருமை உடனே புரிந்துவிடுகிறது.

இவருக்கு விஷயம் தெரிந்தபோது முகம் சிவந்துவிட்டது. எதிர்காலத்தின் முன்னால் ஒரு பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. "இது என்ன மெஷின்னு தெரியுமா உனக்கு? உலகமே..." என்று ஆரம்பித்தவர், கயிற்றில் தொங்கிய சட்டை ஒன்றைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தார். நின்றார். இன்னொன்றைக் கசக்கினார். "ஏன் இப்பிடித் தொங்க வுட்டிருக்கே? மேல காத்து, கீழ ஈரம். காத்து அடியில இருந்து வரோணும்" என்றார்.

மறுநாள் ஃபேக்டரியிலிருந்து ஒரு பழைய கம்பி வலையைக் கேட்டு வாங்கி வந்து, தகரம் வளைத்து, தேயிலை வாட்டும் தொட்டிபோல ஒன்றைச் செய்துவிட்டார். அதன் மேல் துணியைப் பரப்பினால் சூடு கீழிருந்து சீராக ஏறியது. வேலை முடிந்து வந்ததும் நேராக அறைக்குப் போய்த் துணிகளைப் புரட்டிப்போடுவார். போனைப் பார்க்க மறந்துபோகிற நாட்களும் வந்தன.

இதற்கிடையில் சந்தில் பல்பெல்லாம் மங்கலாக எரிகிறது என்று கரண்ட் ஆபீசிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். இவர் அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, உலகப் பொருளாதாரத்தை ஆதியிலிருந்து விளக்கினார். அவர் மெஷின் அருகிலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். இவ்வளவு பொறுமையான அதிகாரியா என்று பார்த்தால், நனைந்த ரெயின்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. "லைனை மாத்தி எடுக்கோணுங்க, எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தவர், வாசலில் செருப்பைப் போட்டபடி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இதுல இப்ப சேந்தா ரொம்ப லேட்டுங்களா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசியதில் அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனாலேயே ஆசை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா போன் பண்ணினாள். புது சோபா வாங்கியிருக்கிறார்களாம். உட்கார்ந்தால் காலைத் தானே தூக்கிவிடுமாம். ரொம்ப நேரம் அந்தச் சோபாவின் குணநலன்களைக் கேட்டேன். கடைசியில், "நீங்க எப்பிடி இருக்கறீங்க?" என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்களுக்கென்னக்கா. ஊட்டுலயே காசு அச்சடிச்சுட்டு இருக்கறம். சத்தம் கேக்குதா?" என்று போனை விறகு அறைப் பக்கம் நீட்டினேன்.

அக்கா, "நெசமாவா?" என்றாள்.

"பின்ன? மெஷின் ராத்திரி பகலா ஓடுது. அள்ளறதுக்குத்தான் ஆளில்ல."

நான் நக்கலடித்தேன். எங்கள் வீட்டில் நான் வேறு எப்படியும் பேசியதில்லை. அக்காவுக்கு அது தெரிந்திருக்கும் என்றும் நினைத்தேன். அந்தக் காசின் விலையும் அப்போது உச்சத்தில் நின்றது, பேப்பரிலெல்லாம் வந்தது. போனை வைத்துவிட்டுத் துணியைப் புரட்டப் போய்விட்டேன்.

அடுத்த வருடம் விலை விழுந்தது. மெதுவாக இறங்கவில்லை, கோத்தகிரி ரோட்டில் பிரேக் போன லாரி மாதிரி விழுந்தது. கரண்ட் பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மெஷின் ஓட ஓட நாங்கள்தான் உலகத்துக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தோம். பெங்களூர்த் தாடிக்காரருக்கு இவர் போன் பண்ணினார். அவர் இப்போது அந்தத் தொழிலில் இல்லையாம். இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட்டாராம், எங்கள் மலையிலேயே எமரால்டு என்கிற ஊர்ப் பக்கம் நிலம் கிடைக்குமா என்று இவரிடமே கேட்டாராம்.

ஆடி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் காரில் வந்து இறங்கினார்கள். கையில் மைசூர்பாகு டப்பா. அவர் முன்பு போல இவர் தோளில் கை போடவில்லை. "தம்பி, அந்த மெஷினைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

இவர் முகத்தில் ஒரு நிமிடம் தீபாவளி. இத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி. பிறகுதான் அறை இருக்கும் லட்சணம் நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்தால் தொட்டி நிறைய சந்துக்காரர்களின் துணி. நடுவில் கீழ் வீட்டு அக்காவின் கம்பளி.

"இதென்னங்க தம்பி?"

"துணிங்ணா."

"காசு?"

"அதும் வருமுங்க. கொஞ்சம்." இவர் போனை எடுத்துப் பூஜ்யங்களைக் காட்டினார்.

அக்கா வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பூஜ்யம் குறையவில்லை. அங்கே கிடந்த விறகுக் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பிடிக்க வைத்திருந்த பாத்திரத்தைத் தாண்டி நின்று, "நீதானடி சொன்னே, காசு அச்சடிக்கறம்னு" என்றாள்.

"அது நக்கலுக்குச் சொன்னதுக்கா."

"நக்கலுன்னு போன்ல எப்பிடித் தெரியும் எனக்கு? நான் இவருகிட்டச் சொல்லிட்டேன். அன்னிக்குப் புடிச்சுத் தூக்கமில்ல இந்த மனுசனுக்கு. 'மலையில இருக்கறவன் முந்திட்டான், மலையில இருக்கறவன் முந்திட்டான்'னு. சைட்டுல பாதிய வித்து, அந்தக் காசை வாங்கிப்போட்டாரு."

"எப்போ?"

"நீ சொன்ன அடுத்த வாரமே."

உச்சத்தில் நின்றபோது. நான் டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன். என் கணவர் அக்கா வீட்டுக்காரருக்கு முன்னால் போக வேண்டும் என்று இதில் இறங்கினார். இவர் முன்னால் போய்விட்டார் என்று நம்பி அவர் இறங்கினார். அந்த டிவிக்காரர்களில் பேச வாய்ப்புக் கிடைக்காத நாலாமவர் ஒருவேளை இதைத்தான் சொல்ல இருந்தாரோ என்னவோ.

டீ எடுத்துக்கொண்டு விறகு அறைக்குப் போனேன். என் கணவர் அந்த நேரத்துக்காக எவ்வளவு காலம் ஆசைப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும், வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். கதவருகே நின்று கேட்டேன்.

"இங்கிட்டு வந்து உக்காருங்ணா" என்று கத்திக்கொண்டிருந்தார். "அங்க ஈரக் காத்து அடிக்குது. இந்தப் பக்கம் முதுகுக்கு எதமா இருக்கும்."

அக்கா வீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார். நனைந்திருந்த அவருடைய சாக்ஸை இவரே வாங்கித் தொட்டியில் விரித்துப்போட்டார். அதற்குப் பிறகு இலையை எப்படி வாட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து கத்திக் கத்திப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று முழுதாகத் தெரியாது. நடுவில் ஒருமுறை சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் கார் கிளம்பிப் போன பிறகு இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு தடவைகூட அந்த 'அன்னிக்கே சொன்னேனுங்க'ங்கற வார்த்தைய சொல்லலியே மனுசன்" என்றார். யாரோ இறந்துபோனது போலிருந்தது குரல்.

அந்த வாரமே மெஷினை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். குன்னூரிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். இவர் அவரை ஏமாற்ற விரும்பவில்லை.

"ஏனுங்க, நேராச் சொல்லிடறேன். இதுல ஒண்ணும் வராதுங்க. கரண்ட் பில்லுக்கே பத்தாது. சத்தம் வேற."

குன்னூர்க்காரர் இவரை உற்றுப் பார்த்தார். "அப்பறம் இத்தனை மாசம் ஏன் ஓட்டுனீங்க?"

"துணி காய வெச்சமுங்க."

அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது, எதிராளி சீட்டை ஒளிப்பதைப் பார்த்துவிட்டவன் சிரிப்பு. அறை, தொட்டி, தனி வயர் எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார். "வேற யாராவது கேட்டு வந்தாங்களா?" என்றார். இவர் இல்லை என்று உண்மையைச் சொன்னார். அதையும் அவர் நம்பவில்லை. கேட்ட விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கையில் திணித்து, நாங்கள் மனம் மாறுவதற்குள் தானே மெஷினைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். இவர் பின்னாலேயே போய்த் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, "நெசமாவே வராதுங்க" என்று இன்னொரு தடவை சொன்னார். ஜீப் அதற்குள் கிளம்பிவிட்டது.

அந்தப் பணத்தில் சமையலறைக் கூரையில் பாதி மாற்றினோம். கீழ் வீட்டு அக்கா வாளியோடு வந்து காலி அறையை எட்டிப் பார்த்தார். "அடுத்த மிஷினு எப்ப தங்கச்சி வரும்?" என்று கேட்டுவிட்டு ஈரத்துணியோடு படியிறங்கிப் போனார்.

சத்தம் நின்ற பிறகும் நாங்கள் இரண்டு பேரும் பல நாள் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாப்பிடும்போது இவர், "ரசம் இருக்குதா?" என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் ரசத்தை ஊற்றினேன். வெளியே மூடுபனி தேயிலைச் செடிகளுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கொடியில் எங்கள் துணி ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.